ஒரே திணிவில் இருவர்

1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரேவ்ஸ், மனிதக் குருதியில் இருவகைப் புளோரின் உண்டெனக் காட்டினார். ஒன்று சாதாரண உப்பு வடிவினது. மற்றது ஏதோவொரு சேதனச் சேர்வையோடு இறுகப் பிணைந்தது. 1976 இல் அவரும் வேறிருவரும் கருக் காந்தப் பரிவு முறையால், அது தொழிற்சாலைகளில் ஆக்கப்படும் பேர்புளோரோ அமிலத்தை ஒத்ததென உய்த்தறிந்தனர். சிறிதளவு குருதியில் இச்சேர்வைகளைத் தனித்தனியே பெயர் சுட்டி அளக்கும் வல்லமை, திணிவுத் திருசியமானியின் வழியாகப் பின்னரே பரவலாக வாய்த்தது.

அக்கருவி எதனையும் காண்பதில்லை. நிறுக்க மட்டுமே செய்கின்றது. கரைசல் நுண்திவலைகளாகச் சிதறி அயன்களாகின்றது. முதல் வடி 499 என்னும் திணிவை மட்டும் உள்ளே விடும். அது வாயுவுடன் மோதி உடைய, இரண்டாம் வடி துண்டை நிறுக்கும். கந்தகமும் மூன்று ஒட்சிசனும் கொண்ட 80 என்னும் துண்டு வந்தால், பேர்புளோரோ ஒக்ரேன் சல்போனேற்று உண்டென முடிபு கூறலாம்.

கூறலாமா? ஈரலிலும் முட்டையிலும் குருதியிலும் தோரோடீஒட்சிகோலேற்று என்னும் பித்த உப்பு இருத்தல் கூடும். அதன் அயனின் திணிவு 498.29, தேடப்படுவதன் திணிவு 498.93. ஐதரசன் 1 இலும் சற்றுக் கூடியது, புளோரின் 19 இலும் சற்றுக் குறைந்தது. வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம் இதுவே. ஓரலகு அகலமுள்ள சாதாரண வடி இவ்விரண்டையும் ஐயமறப் பிரிப்பதில்லை. உடைந்தால் இரண்டுமே 80 ஐத் தருகின்றன! உடல் தானே சுரந்த பித்தம், ஆலை தந்த நஞ்சாகக் கணக்கில் ஏறிவிடும்.

ஆதலின் அறிந்த ஆய்வாளர் 99 என்னும் துண்டையும் தேடுவர். அது 80 உடன் ஒரு புளோரின் அணு சேர்ந்தது. புளோரினற்ற பித்த உப்பு அதனைத் தர இயலாது. அச்சமிக்ஞை பெரும்பாலும் நலிந்தது, ஆயினும் நம்பத்தக்கது.

கருவியின் தெப்லோன் குழாய்களே புளோரின் சேர்வைகளைக் கசியவிடுவதுமுண்டு. அவற்றை அகற்றிய பின்னரே அளவு தொடங்கும். மிகையான கவனமெனச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால், 2024 இல் ஐக்கிய அமெரிக்கா இச்சேர்வைக்குக் குடிநீரில் விதித்த எல்லை இலீற்றருக்கு 4 நனோகிராம் மட்டுமே.

ரேவ்சின் வினா இன்னும் முற்றாகத் தீரவில்லை. மாதிரியை எரித்து அதிலுள்ள சேதனப் புளோரின் முழுவதையும் அளந்தால், திருசியமானி பெயரிட்டவற்றின் கூட்டுத்தொகையைப் பலவேளை அது விஞ்சிநிற்கின்றது.