கம்பத்தின் உச்சியில் ஒரு ப்ரீஆம்ப்

மெல்லிய ஆர்ஜி-58 கேபிளைப் பதினைந்து மீட்டர் இழுத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் ஆண்டெனா பிடித்துத் தந்த சக்தியில் பாதி வழியிலேயே சூடாகித் தொலைந்துபோகிறது. மொட்டை மாடியில் ஆண்டெனா, கீழ் வீட்டில் ரேடியோ என்று வைத்திருக்கும் ஹாம்களில், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களில், பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ரேடியோ மந்தமாக இருக்கிறது என்று புது ரிக்குக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) கிட் வாங்கி, உங்கள் கையாலேயே பற்றவைத்து, கம்பத்தின் மேலே கட்டிவிட்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இந்த 145 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் இரண்டு மீட்டர் பட்டையின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது ஹாம்சாட்டால். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6, கார்ட்டோசாட்-1 உடன் ஏற்றிச் சென்ற 42.5 கிலோ அமெச்சூர் செயற்கைக்கோள் அது. 145.9 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, ஒரு வாட் அளவில் தரைக்குப் பேசும். 2014 வரை உழைத்தது. அது ஓய்ந்த பிறகு சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800 பக்கம் காது திரும்பியது. நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. தலைக்கு மேல் வரும்போது கையடக்க ரேடியோவிலேயே கேட்கும். தொடுவானில் எழும்போதோ அது 2,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வந்து சேரும் சக்தி முப்பதில் ஒரு பங்குதான். மொத்தமே பத்து நிமிடம் நீடிக்கும் கடப்பில் முதல் இரண்டு மூன்று நிமிடமும் கடைசி இரண்டு மூன்று நிமிடமும் இரைச்சலில் போய்விட்டால் மிஞ்சுவது என்ன? அங்கிருந்து எஸ்எஸ்டிவி முறையில் அனுப்பும் படம் ஒன்று வரவே இரண்டு நிமிடம் ஆகும். அதில் பாதி வெறும் புள்ளி மழையாக வந்தால் மனசு ஆறுவதில்லை.

கிட் என்று கைக்கு வருவது ஒரு சின்னப் பொட்டலம். இரண்டு விரல் அகலப் போர்டு, சில ரெசிஸ்டர், கெபாசிட்டர், இரண்டு ட்ரிம்மர், ஒரு முழம் இனாமல் கம்பி, நடுநாயகமாக பிஎஃப்998 என்ற டிரான்சிஸ்டர். மூன்று மில்லிமீட்டர் நீளம், நான்கு கால், அகலமான கால் சோர்ஸ். பெயரோடு ஆர் என்ற எழுத்து சேர்ந்திருந்தால் கால்களின் வரிசை இடவலம் மாறியிருக்கும். அதனால் ஈயத்தைத் தொடுவதற்கு முன் லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

காயிலை நாமே சுற்ற வேண்டும். ஆறு மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டில் ஒரு மில்லிமீட்டர் கம்பியை ஐந்து சுற்று சுற்றி, தண்டை உருவிவிட வேண்டும். சுற்றுகளை விலக்கினால் ஒத்திசைவு மேலே போகும், நெருக்கினால் கீழே இறங்கும். விரல் நுனியில் செய்த அரை மில்லிமீட்டர் மாற்றம் ஸ்பீக்கரில் கேட்கிறது! கடையில் வாங்கிய மூடிய பெட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்த இன்பத்தைத் தராது. ட்ரிம்மருக்கு இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது கிட்டே வந்தாலே டியூனிங் நகரும். மூங்கில் குச்சியின் நுனியைச் சீவிக்கொண்டால் போதும். எஸ் மீட்டர் முள் உச்சிக்குப் போகும் இடத்திலேயே நிறுத்திவிடவும் கூடாது. பெருக்கம் அதிகபட்சமாகும் புள்ளியும் இரைச்சல் குறைந்தபட்சமாகும் புள்ளியும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மங்கலான ஒரு சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டே திருப்பி, அது எங்கே தெளிகிறதோ அங்கே விட வேண்டும். முள்ளைவிடக் காதுக்கு இதில் அனுபவம் அதிகம்.

எங்கே கட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஹரால்ட் ஃப்ரிஸ் 1944இல் அதற்கான சூத்திரத்தை எழுதினார். வரிசையாக நிற்கும் நிலைகளில் முதல் நிலை சேர்க்கும் இரைச்சலே முழு ரிசீவரின் தலையெழுத்தை எழுதுகிறது. முதல் டிகாக்‌ஷன் நீர்த்துவிட்டால் எந்தப் பால் ஊற்றியும் காபி தேறாது. ஒரு சாதாரண ரிசீவரின் இரைச்சல் எண் 5 டெசிபல், கேபிள் இழப்பு 3 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் ஆண்டெனா முனையில் அது 8 ஆகிறது. 1 டெசிபல் இரைச்சலும் 20 டெசிபல் பெருக்கமும் உள்ள ப்ரீஆம்பை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால் 4 சொச்சம். அதையே ஆண்டெனாவின் அடியில் கட்டினால் 1.2. அதே பொருள், அதே விலை. மாடிப்படி ஏறியதற்குக் கூலி மூன்று டெசிபல்.

இன்னும் விலையுயர்ந்ததை வாங்கினால் இன்னும் கேட்குமா என்றால், இந்தப் பட்டையில் சொல்லிக்கொள்ளும்படி கேட்காது. காரணம் வானம். 1930களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் ஹோம்டெல்லில் அதே பெல் ஆய்வகத்தின் கார்ல் ஜான்ஸ்கி 20.5 மெகாஹெர்ட்ஸில் ஓயாத ஒரு சீறலைக் கேட்டார். அது நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வருவதைக் கவனித்து, தனுசு திசையில், பால்வீதியின் மையத்திலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். அப்போது அவருக்கு மேலதிகாரி இதே ஃப்ரிஸ். அலைவெண் ஏற ஏற அந்தச் சீறல் தேயும். ஆனாலும் 145 மெகாஹெர்ட்ஸில் அது போதிய அளவு மிச்சம் இருக்கிறது. 0.3 டெசிபல் ப்ரீஆம்புக்குப் பல மடங்கு கொடுத்தாலும் பால்வீதிக்குக் கீழே இறங்க முடியாது. மலிவான கிட்டை நான் மனமார ஆதரிப்பது இதனால்தான். 7 மெகாஹெர்ட்ஸிலோ வான இரைச்சல் இன்னும் பெரிது என்பதால் ப்ரீஆம்பே வேண்டியதில்லை.

வாங்குமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரேடியோவை எஸ்எஸ்பி முறையில் வைத்து, ஆண்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டி இரைச்சலைக் கேளுங்கள். பிறகு ஆண்டெனாவை மாட்டுங்கள். இரைச்சல் நன்றாகவே எகிறினால் ரிசீவர் ஏற்கெனவே வெளியுலகைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ப்ரீஆம்ப் அந்த இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். நகரத்தில் அக்கம்பக்கத்து எல்இடி பல்புகளும் சார்ஜர்களும் செய்யும் கூச்சலுக்கு ப்ரீஆம்பிடம் மருந்து கிடையாது. அதற்கு ஆண்டெனாவை உயர்த்த வேண்டும், அல்லது இடம் மாற்ற வேண்டும். 50 முதல் 4,000 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் பெருக்கும் ஆயத்த மாட்யூல்களும் மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் 88 முதல் 108 வரையுள்ள எஃப்எம் நிலையங்கள் பக்கத்திலேயே நிற்கும் ஊரில், இந்த மாட்யூல்கள் அத்தனையையும் விழுங்கிவிட்டு இல்லாத சமிக்ஞைகளைக் கக்கும். நுழைவாயிலில் ஒத்திசைவுக் காயில் உள்ள கிட்டே எனக்கு உகந்தது.

நான் சிறு அலுமினியப் பெட்டிக்குள் போர்டை அடைத்து, கேபிளின் வழியாகவே 12 வோல்ட்டை மேலே அனுப்புகிறேன். அந்தக் கேபிளில் கேட்பது மட்டும்தான், பேசுவது கிடையாது. ஒரே ஆண்டெனாவில் பேசவும் கேட்கவும் விரும்புகிறவர்கள், பேசும்போது ப்ரீஆம்பை ஒதுக்கிவிடும் ரிலே இல்லாமல் பிடிடியை, அதாவது பேசும் பொத்தானை, தொடவே கூடாது. ஒரே அழுத்தலில் டிரான்சிஸ்டர் போய்விடும். இடி மின்னல் காலத்தில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுகிறேன்.

கட்டிய பிறகு விண்வெளி நிலையம் தென்மேற்கே தொடுவானை விட்டு எழும்போதே 145.803 பக்கத்தில் கேட்கத் தொடங்குகிறது. நம்மை நோக்கி வரும் வேகத்தால் அந்த மூன்று கிலோஹெர்ட்ஸ் உயர்வு. எஸ்எஸ்டிவி படங்கள் முதல் வரியிலிருந்தே முழுசாக வருகின்றன. இப்போது 435 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறேன். அங்கே வானம் அமைதி, கேபிள் இழப்பு இன்னும் கொடியது, ஐந்து சுற்றுக் காயிலுக்கு வேலையே இல்லை. சில சென்டிமீட்டர் நேர்க்கம்பியே காயில். அதற்கான செப்புத் தகட்டை வெட்டி வைத்தாயிற்று.