ஓலை வீடும் எண்ணெய் வண்ணமும்

குடிசையை வரைதல் எளிது என்று எண்ணுவோர் பலர். முக்கோணம் ஒன்று, அதன் கீழே சதுரம் ஒன்று, பக்கத்தில் ஒரு பனைமரம், படம் முடிந்துவிடும். நாட்காட்டிகளில் நாம் காணும் குடிசைகள் பெரும்பாலும் அத்தகையனவே. அவற்றில் அழகுண்டு, குடியிருப்போர் இல்லை.

எண்ணெய் வண்ணம் அவ்வாறு விரைந்து முடிக்க இடந்தருவதில்லை. நீர்வண்ணம் நீர் ஆவியானதும் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்ல இறுகுவது. அதற்கு நாட்கள் பல செல்லும். எனவே எண்ணெய் குறைந்த பூச்சை முதலிலும், எண்ணெய் மிகுந்த பூச்சை அதன் மேலும் இடுதல் விதி. முறை மாறின் மேற்பூச்சு முந்தி இறுகி வெடிப்புறும். இக்காத்திருப்பே கண்ணைப் பழக்குகிறது.

குடிசையை மதித்து வரைந்தோருள் வின்சென்ட் வான் கோ ஒருவர். 1885ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் நியூனன் கிராமத்தில், ஒரே கூரையின் கீழ் இரு குடும்பங்கள் வாழ்ந்த குடிசையொன்றை அவர் தீட்டினார். அவ்வாண்டிலேயே பறவைக் கூடுகளையும் தீட்டினார். அவருக்கு இரண்டும் உறைவிடங்களே.

யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா வாழ்ந்த மண்வீடு இன்றில்லை. அவ்விடத்தில் கல்வீடு நிற்கிறது. புகைப்படமும் எஞ்சவில்லை. அதனை நினைவிலிருந்தே தீட்டலானேன். வெயிலிலும் மழையிலும் கிடந்த பனையோலைக்குச் சாம்பல் நிறம் வேண்டும். ஒழுக்கை அடைக்கச் செருகிய புதிய ஓலைக்கு மஞ்சள் வேண்டும். அந்த மஞ்சட் கீற்றிலே கூரையேறிய ஒருவரின் உழைப்பு தெரியும். திண்ணை நிழலுக்குத் தனிக் கறுப்பு உதவாது; நீலமும் செம்பழுப்பும் கலந்தால்தான் அங்கே குளிர்ச்சி பிறக்கும்.

குசினிப் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டு அம்மாவை அழைத்தேன். அந்த வீட்டிலே பிறந்தவர் அவர். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இந்தப் பக்கத்து ஓலை புகை பிடிச்சுக் கறுத்திருக்குமெல்லோ, மோனை. விடியமுன்னம் அடுப்பு மூட்டிவிடுவா" என்றார். நாற்பது ஆண்டு காலத்து அதிகாலைகள் அந்தக் கருமையில் இருந்தன. சுற்றியிருந்த வண்ணம் உலராதிருந்தமையால் அன்றே அதனை இழைத்துச் சேர்க்க முடிந்தது.

மாணவர்களே, ஊரிலே ஓலை வீடுகள் அருகிவருகின்றன. வரைய விரும்புவோர் தூரிகையை எடுக்குமுன், அவற்றில் வாழ்ந்த முதியோரிடம் சென்று கேளுங்கள். வண்ணம் காத்திருக்கும், அவர்கள் நெடுநாள் காத்திருக்கமாட்டார்கள்.