புல்லறுத்த கூலி

அம்மா வாளியை எட்டி உதைத்தாள். ஊறவைத்திருந்த காணம் அவ்வளவும் மண்ணில் சிதறியது.

"ஏட்டி, கொல்லவா போற அத? எம்.ஏ. படிச்சவளுக்கு இதுகூடத் தெரியலியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காணம் என்று நாங்கள் சொல்வதைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் கொள்ளு என்கிறார்கள். குதிரைக்கு ஆகாத காணம் வேறு யாருக்கு ஆகும்? ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே குதிரைப் பயறுதான். இரண்டு படி ஊறப்போட்டு, கையால் பிசைந்து, ஆசையோடு கொண்டுவந்தேன். எலும்பும் தோலுமாய் நிற்கிற ஓர் உயிருக்கு முதல் வேளைச் சோறாவது வயிறு நிறைய இருக்கட்டும் என்ற நினைப்புதான்.

போன வருஷம் மாசி மாதம் அது. வாசுதேவநல்லூரிலிருந்து சிவகிரி போகிற சாலையோரத்தில், செங்கல் சூளைக்குப் பின்னால் நின்ற மட்டக்குதிரையைக் காலனிப் பையன்கள் கயிறு போட்டுக் கூட்டி வந்தார்கள். கழுதையைவிடக் கொஞ்சம் உயரம். விலா எலும்பை எண்ணலாம். முதுகெலும்பு ஓலைக்கூரையின் முகடு மாதிரித் துருத்திக்கொண்டிருந்தது. வயிறு மட்டும் தொங்கியது. குடற்புழு என்றார்கள் பையன்கள். அம்மா விலாவுக்குக் கீழே கையை வைத்து வெகுநேரம் அசையாமல் நின்றாள்.

"சினையா இருக்குடே" என்றாள்.

கோயில் கொடைகளில் குதிரைவண்டிப் பந்தயம் விடுகிற பக்கம் இது. ஓடுகிறவரை தீனி. முன்னங்கால் வீங்கி ஓட முடியாமல் போனால் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் எல்லையில் அவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இதன் முன்னங்காலிலும் பழைய வீக்கம் இருந்தது. யாருடையது என்று அப்போது தெரியாது.

வாளியை உதைத்த ராத்திரிதான் அம்மா தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். எனக்கு ஒரு மாமா இருந்ததே அதுவரை தெரியாது.

அம்மாவுக்கு அப்போது ஏழு வயசு, அண்ணனுக்குப் பத்து. மழை இல்லாமல் வயல்வேலை நின்றுபோன வருஷம். பல நாளாகக் கீரையும் வேகவைத்த புளியங்கொட்டையும்தான். அந்த நேரம் பண்ணையார் வீட்டில் ஒரு பதினாறாம் நாள் விசேஷம். பின்கட்டில் மிச்சச் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டார்கள். பையன் முட்டமுட்டத் தின்றான். மறுநாளும் இருந்ததைத் தின்றான். மூன்றாம் நாள் மூச்சு வாங்கிச் செத்துப்போனான்.

"சோறு தின்னு செத்த பயன்னு ஊருல சிரிச்சாவ. பசியில செத்தான்னு ஒருத்தரும் சொல்லல" என்றாள் அம்மா.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தார். இளவயதுப் பெண். கை விட்டுப் பார்த்து, எட்டு மாசம் இருக்கும் என்றார். குதிரைக்குப் பதினோரு மாதச் சினை. குட்டி அதிகமாக வளர்வது கடைசி மூன்று மாதத்தில்தான். தாய்க்குத் தீனி இல்லையென்றால் குட்டி தாயின் சதையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். காணம் வைக்கலாமா என்று கேட்டேன். தலையை அசைத்தார். பட்டினி கிடந்த உடம்பு மாவுச்சத்தை மறந்து, தன் கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று தானியம் போனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், இன்சுலின் பாயும். அந்த வேகத்தில் ரத்தத்திலிருக்கிற பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுபட்டுப் போய்விடும். அப்புறம் இதயம் தாங்காது, மூச்சு தாங்காது.

"எத்தனை நாள்ல தெரியும் மேடம்?"

"மூணாவது நாள்ல இருந்து அஞ்சாவது நாளுக்குள்ள."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நானும் தேடிப் படித்தேன். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமைத் திறந்த பிரிட்டிஷ் ராணுவம், இரக்கப்பட்டுத் தங்கள் தகர டப்பா உணவை எடுத்துக் கொடுத்தது. பிழைத்திருந்தவர்களில் பலர் அதைத் தின்றே செத்தார்கள். பிறகு அங்கே கொண்டுபோன கஞ்சிக் கலவை 1943 வங்கப் பஞ்சத்தில் பழகிய கலவை. எங்கள் பாட்டிகளுக்கு இதெல்லாம் கஞ்சித்தண்ணி என்ற ஒரே சொல்லில் தெரிந்திருந்தது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நாமே சொல்லிக்கொண்டு திரிகிறோம். வாளி கையில் இருக்கும்போது எனக்குத்தான் நினைவுக்கு வரவில்லை.

பட்டினிக் குதிரைக்கு முதலில் காய்ந்த குதிரைமசால்தான் என்கிறது கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் செய்த ஆராய்ச்சி. மாவுச்சத்து குறைவு, புரதமும் கால்சியமும் தாதுக்களும் அதிகம். அவர்கள் பெரிய குதிரைக்குச் சொல்லும் அளவைக் குறைக்க எடை தெரிய வேண்டும். தையற்கடை டேப்பால் நெஞ்சுச் சுற்றளவு எடுத்தோம், 120 சென்டிமீட்டர். நீளம் 125. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை. 151 கிலோ வந்தது, வயிற்றுக் குட்டியையும் சேர்த்து.

நாலு மணிக்கொரு தரம் இருநூறு கிராம். ராத்திரியும் உண்டு. மூன்று நாள் அப்படியே. நாலாம் நாளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகக் கூட்டி, பத்து நாள் கழித்துத்தான் வேண்டிய மட்டும். பக்கத்தில் எந்நேரமும் தண்ணீர். புழு மருந்துகூட உடம்பு கொஞ்சம் தேறிய பிறகுதான். ஊர்க்காரர்கள் தவிடு கொண்டுவந்தார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிதமிஞ்சியது, கால்சியம் குறைவு. தவிட்டையே தின்கிற குதிரை எலும்பு உளுத்து முகம் வீங்கிப்போகும். ஒரு பிரமுகர் காண மூட்டையோடு வந்து, குதிரையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டோம். காணம் எங்களுக்கு ஆகுமே!

நடுச்சாம வேளை அம்மாவுடையது. அலாரம் இல்லாமல் எழுந்துவிடுவாள். தராசும் வேண்டாம், அவள் கைப்பிடி இருநூறு கிராமுக்கு முன்னே பின்னே போகாது.

ஆனால் புல்? அதுதான் பெரிய பாடாக இருந்தது. குதிரைமசால் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது, பச்சைப்புல்லும் வேண்டும். எங்களுக்கு நிலம் இல்லை. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எவரெவர் கையிலோ இருக்கிறது. எங்கள் பெண்கள் எலுமிச்சைத் தோப்பு வரப்புகளில்தான் காலங்காலமாகப் புல்லறுத்தார்கள். சுடுகாட்டுப் பாதை கேட்டு மனுக் கொடுத்த வருஷம் முதலில் மூடியது அந்த வரப்பைத்தான். கூலி வேலையைக்கூட நிறுத்தவில்லை, புல்லை நிறுத்தினார்கள். ஆடு மாடுகளை விற்றுவிட்டுப் பேசாமல் கிட என்பது அதன் அர்த்தம். ஆகவே நானும் சித்தியும் ஓடைப் புறம்போக்கில் ஆளுக்கொரு பன்னருவாளோடு இரண்டு மைல் நடந்தோம். ஒரு கட்டு அருகம்புல்லுக்கு அரை நாள் போயிற்று.

புல்லறுக்கும்போது எம்.ஏ. வகுப்பு ஞாபகம் வரும். புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு, 299. உழுந்துச் சக்கை தின்று வளர்ந்த சிற்றூர்க் குதிரை படையைப் பிளந்துகொண்டு போகிறது. நெய் கலந்த கவளம் தின்ற பெருவேந்தனின் குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. எப்படி ஒதுங்கி? முருகன் கோயிலில் பாத்திரத்தைத் தொடக்கூடாத பெண்களைப் போல. பேராசிரியர் வீரத்தை ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, அந்தக் கடைசி உவமையை 'மரபு' என்று சொல்லித் தாண்டிப் போனார். தொடக்கூடாதவர்கள் என்றால் யார் என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் கேட்க விரும்பியது வேறு. அந்த உழுந்துச் சக்கையைப் புடைத்துப் போட்டது யார்? அவள் என்ன தின்றாள்?

பக்கத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் படையில் நின்ற ஒண்டிவீரன் அருந்ததியர். 2022இல் அவருக்குத் தபால்தலைகூட வந்துவிட்டது. எதிரி முகாமிலிருந்து குதிரையைக் கொண்டுவரப் போனவர் வைக்கோலுக்குள் பதுங்கியிருந்தபோது, குதிரை கட்டும் முளையை அவர் கையிலேயே இறக்கிவிட்டார்கள், சத்தம் காட்டாமல் கையை வெட்டிக்கொண்டு குதிரையோடு வந்தார் என்பது மக்கள் கதை. பையன்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். குதிரை கொஞ்சம் தேறியதும் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். சினைக்குதிரை மேல் ஏறாதே என்று தடுத்தேன். ஊருக்குள் நடத்திக்கொண்டு போகவும் விடவில்லை. அதற்குக் காரணம் சினை அல்ல. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் குதிரை வைத்திருந்த தலித் இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டான். குதிரை ஏறியதற்காகத்தான் கொன்றார்கள் என்று தகப்பன் புகார் கொடுத்தார். பையன்களிடம் அதை நான் சொல்லவில்லை. பயந்தவள் நான்தான்.

வைகாசிக் கடைசியில் ஒரு விடிகாலை ஈன்றது. கால்மணி நேரத்தில் குட்டி வெளியே வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். குட்டி எழ ஒன்றரை மணி ஆயிற்று. நாலு தரம் விழுந்தது. சீம்பாலைக் குடித்த பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள். அன்றைக்கு மருத்துவரிடம் போனில் கேட்டுவிட்டு, அதே வாளியில் ஓர் ஆழாக்குக் காணம் வேகவைத்து வைத்தோம்.

ஆடியில் அளந்தபோது சுற்றளவு 130. அப்போதுதான் உரிமைக்காரர் வந்தார், மினி லாரியோடு.

"இது நம்ம குதிரையில்லா?" என்றார். பட்டினி போட்டுக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று நான் ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்தே நீட்டினார்.

அம்மா பன்னருவாளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குதிர ஒங்களோடதா இருக்கட்டும் ஐயா. மாசியிலேர்ந்து ஆடி வரைக்கும் ரெண்டு பொம்பளைக்குப் புல்லறுத்த கூலி, ராக்காவலுக்கு ஒரு ஆள் கூலி, மசாலுக்காசு. எம் பொண்ணு எழுதி வச்சிருக்கா. குடுத்துட்டுப் புடிச்சிட்டுப் போங்க."

நான் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். மருந்துச்சீட்டுகளையும், மாசி மாதம் எலும்பும் தோலுமாய் நின்றபோது எடுத்த படத்தையும் சேர்த்து வைத்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். புல்லுக்கெல்லாம் எவன் கூலி கொடுப்பான் என்றார். வியாழக்கிழமை ஆளோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமை காலனியில் யாரும் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா மட்டும் மூன்று மணிக்கு எழுந்து, புல்லுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடைப் பக்கம் போனாள்.