சொன்ன சொல் கேட்கும் வீடு

கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க ஆள் இருந்த வீடுகள் எம்மிடையே அருகிவிட்டன. பிள்ளைகள் கடல் கடந்து போயினர். முற்றமும் கிணறும் இரண்டு முதியவர்களும் எஞ்சினர். பின்னர் அவ்விருவரில் ஒருவர் மாத்திரம். இப்பொழுது அவ்வீடுகளுக்குள் புதிய ஏவலாட்கள் புகுந்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் கண்டதும் தானே எரியும் விளக்கு, வாய்ச்சொல்லுக்குச் சுழலும் மின்விசிறி, விழுந்தவர்க்காகத் தொலைபேசியில் அழைக்கும் கைக்கடிகாரம் என்று அவர்கள் பலவகையினர்.

இவையெல்லாம் நேற்று முளைத்தவை என்று எண்ணிவிடலாகாது. 1960 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் ஆஸ்பத்திரிக்கு ரெக் மேலிங் என்பவர் நோயாளரைப் பார்க்கப் போய்வந்தார். கையும் காலும் செயலிழந்து கிடந்தவர்கள், தாதியை அழைப்பதற்கு ஓர் ஊதுகுழலையே நம்பியிருக்கக் கண்டார். ஊதுவதற்கு மூச்சு இருக்கிறதே, அம்மூச்சால் வேறு காரியமும் ஆகாதா என்று அவர் சிந்தித்தார். குழாயொன்றை உறிஞ்சியும் ஊதியும் மணியடிக்கவும் விளக்கேற்றவும் வானொலி கேட்கவும் தட்டெழுதவும் வல்ல கருவி அதிலிருந்து பிறந்தது. அதற்குப் ‘பொசம்’ என்று பெயர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘என்னால் இயலும்’ என்பது பொருள். இத்தகைய கருவிகளை நிறுப்பதற்கு இதைவிடச் சிறந்த தராசு எமக்குத் தெரியவில்லை. இக்கருவி யாருடைய இயலுமையைக் கூட்டுகிறது? படுத்திருப்பவருடையதையா, அவரைக் காவல் பண்ணுபவருடையதையா?

எமது பெரியம்மாவின் வீட்டிலே இந்தக் கேள்வி ஒரு வழக்காகவே வெடித்தது. அவருக்கு எண்பத்து மூன்று வயது. கொக்குவிலில் தனித்து வாழ்கிறார். பார்வை மங்கல், முழங்காலில் வாதம். ஒருநாள் இரவு குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தவர் விடியும்வரை தரையிலே கிடந்தார். பால் கொண்டுவரும் பெண் முனகலைக் கேட்டுக் கூக்குரலிட, அயலவர்கள் வந்து பின்கதவை உடைத்தே உட்புகுந்தார்கள். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

செய்தி அறிந்த மகன் றொறன்ரோவிலிருந்து ஓடிவந்தான். மூன்று கிழமைகளில் வீடு புதிதாயிற்று. கட்டிலடியிலிருந்து குளியலறை வரை உடற்சூட்டை உணர்ந்து எரியும் விளக்குகள் வந்தன. பேச்சைக் கேட்கும் பெட்டி வந்தது. அதற்கு விளங்கியது ஆங்கிலம் மாத்திரமே. பெரியம்மா நான்கு ஆங்கில வாக்கியங்களைத் தேவாரம் போல மனனஞ் செய்துகொண்டார். கைக்கடிகாரமும் வந்தது. திடீரென ஓர் அதிர்ச்சியும் அதன்பின் அசைவின்மையும் கண்டால் விழுந்துவிட்டார் எனக் கொள்ளும் இவ்வித்தை, 2018 இல் ஆப்பிள் கடிகாரத்தில் வந்தபின் உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் சுவரோடு சாய்ந்து மெல்லச் சரிபவரை அது அறியாமல் விடுவதும் உண்டு. முதியவர்கள் பெரும்பாலும் அப்படித்தானே சரிகிறார்கள்!

இறுதியாக மூன்று கமராக்கள் வந்தன. ஒன்று படலையில், ஒன்று விறாந்தையில், ஒன்று படுக்கையறையில்.

மகன் விமானம் ஏறிய மறுநாளே படுக்கையறைக் கமராவின்மேல் ஒரு பழஞ்சேலை தொங்கியது. அங்கிருந்து பார்த்தவனுக்கு இருளே தெரிந்தது. பதறிப்போய் அழைத்தான். நாமும் அப்போது அங்கிருந்தோம்.

“மோனை, நான் உடுப்பு மாத்திறதை நீயும் பாக்கவேணுமோ? விழுந்தால் அங்கையிருந்து தூக்கிவிடப் போறியோ?” என்றார் பெரியம்மா.

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்பு, “அம்மா, அண்டைக்கு இரவு முழுக்க நீங்கள் நிலத்திலை கிடந்தனீங்கள். நான் இஞ்சை சிரிச்சுக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தன்” என்றான். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சேலையை எடுக்கவில்லை.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. யப்பானில் 2001 ஆம் ஆண்டு அறிமுகமான வெந்நீர்ப் பாத்திரமொன்றை நாம் அவனுக்கு எடுத்துரைத்தோம். தனித்திருக்கும் முதியவர் தேநீருக்கு நீர் வார்த்தால், அச்செய்தி தொலைவிலுள்ள பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். படமில்லை, குரலில்லை, அம்மா இன்று எழுந்தார், தேநீர் குடித்தார், அவ்வளவே. அத்தகைய பாத்திரத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை. பெரியம்மாவின் மின்கேத்தலைக் கணக்கறியும் செருகியொன்றில் பொருத்தினால் அதே வேலை நடக்கும். அவர் இசைந்தார். “தேத்தண்ணி குடிச்சதைச் சொல்லுறதிலை என்ன வெக்கம்?” என்றார். படுக்கையறைக் கமரா கழற்றப்பட்டது. படலைக் கமராவை அவரே விரும்பி வைத்துக்கொண்டார். வந்திருப்பவர் யாரென்று கதிரையில் இருந்தபடியே பார்க்கலாமல்லவா?

காலை ஆறரை மணிக்குள் கேத்தல் சூடாகாவிடின் றொறன்ரோவுக்கும், பக்கத்து வீட்டு ஆசிரியைக்கும் அறிவித்தல் போகும். இவ்விரண்டாவது அறிவித்தலே உயிர்நாடி என்பது எமது கருத்து. ஓடிவரக் கால்கள் அருகில் இல்லாவிடின், எந்தக் கருவியும் வெறும் ஒப்பாரிதான்.

மின்சாரத்தின் கதை வேறு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை அதை இழந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே மின்னிழந்தபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கே காரணம் என்று அமைச்சர் சொன்னார். சென்ற மாரியில் ஒரு விடியற்காலை கொக்குவிலில் மின்சாரம் நின்றது. ஏழு மணியாகியும் கேத்தல் பேசவில்லை. ஆசிரியை குடையோடு ஓடினார். பெரியம்மா குசினியில் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஆசிரியைக்கும் ஒரு கோப்பை கிடைத்தது.

அண்மையில் பெரியம்மாவே ஒரு கருவி கேட்டிருக்கிறார். கட்டிலில் கிடந்தபடி ஒரு பொத்தானை அழுத்தினால் முன்கதவுப் பூட்டுத் திறக்கவேண்டுமாம்; இனியொரு முறை கதவை உடைக்கவிட அவருக்கு மனமில்லை. மின்கலத்தில் இயங்கும் பூட்டாகத் தேடுகிறோம். சாதாரணத் திறப்பொன்றும் ஆசிரியையிடம் இருக்கும். அதைத் தொலைவிலிருந்தும் திறக்கலாம் என்று மகன் உற்சாகமாகச் சொன்னான். “அது வேண்டாம். என்ரை கதவை நான்தான் திறக்கவேணும்” என்று சொல்லிவிட்டார் பெரியம்மா. வருகிற வியாழக்கிழமை தச்சர் வருகிறார்.