என்னட்ட ஆரு கேட்ட?

1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள், நான்கு நான்கு பேராகப் பிரித்த மாணவர்களிடம் மாணவர் தலைவரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். மிகச் சிறந்தவரின் நற்குணங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகவே தரப்பட்டிருந்தன. எல்லோருக்கும் தெரிந்ததையே பேசிப் பேசி, பெரும்பாலான குழுக்கள் அவரைத் தவறவிட்டன.

ஹிஜ்ரி 5இல் மதீனாவைக் காத்த அகழோ, பாரசீகரான ஸல்மான் (ரலி) ஒருவருக்கே தெரிந்திருந்த யோசனை. சபை அவருக்குக் காதுகொடுத்தது.

எங்கள் வீட்டு மஷூராவில் பெண்கள் குசினியில்தான். தேநீர் மட்டும் சபைக்குப் போகும்! உக்குவளை மிளகுத் தோட்டத்துக்குப் பாதையில்லை, வந்த விலைக்கே கொடுப்போம் என்று மாமாமார் முடிவெடுக்கப் போனார்கள். நான் உம்மம்மாவிடம் கேட்டேன்.

"பின்பக்கப் பாதை உறுதியிலேயே ஈக்கிதே மகள். என்னட்ட ஆரு கேட்ட?"

பெரிய மாமா அலுமாரிச் சாவியைத் தேடினார்.