படியெடுத்தலும் சுருக்கியெழுதலும்

ஒரு நூலைப் படியெடுத்தல் வேறு. அதனைச் சுருக்கியெழுதுதல் வேறு. ஏட்டுச்சுவடிகளோடு பழகிய நம்மவர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். ஏடு பெயர்த்தெழுதுவோன் சோர்வினால் ஒரு சொல்லை விடுவானாயின், அவனது படியைப் பார்த்து எழுதப்படும் படிகள் யாவும் அச்சொல்லை இழந்தே பிறக்கும். சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) போன்றோர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்க நேர்ந்தமையும் இதனாலேயே. திரைப்பட இறுவட்டுக்களைக் கணினிக் கோப்புக்களாக்கும் இன்றைய வேலையிலும் இதே பிரச்சினை எழுகின்றது என்பது, அவ்வேலையில் அண்மையில் ஈடுபட்டபோது எனக்குத் தெளிவாயிற்று.

எங்கள் வீட்டில் 180 இறுவட்டுக்கள் உள்ளன. தந்தையார் கண்டி நகரத்துக் கடைகளிற் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்தவை அவை. மகாவலிக் கரையின் ஈரக்காற்றில் அவற்றுட் சிலவற்றின்மீது பூஞ்சணம் படரத் தொடங்கிவிட்டது. புதிய மடிக்கணினிகள் பலவற்றிலோ இறுவட்டினை இடுவதற்கான வாயிலே இல்லை. ஆகவே அனைத்தையும் ஒவ்வொன்றாக வன்தட்டிற் சேர்த்தேன். “இனி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் இட்டுச் சிறிய கோப்புக்களாக மாற்றிவிடும், தரம் சற்றும் குறையாது” என்றார் நண்பரொருவர். இக்கூற்றின் பிற்பகுதி ஆராயத்தக்கது.

பால் முறைப்படி அமைந்த டி.வி.டி.யில் ஒவ்வொரு படச்சட்டமும் 720க்கு 576 என்ற அளவில் புள்ளிகளைக் கொண்டது. செக்கனுக்கு 25 சட்டங்கள் ஓடும். அதற்கு முந்திய வி.சி.டி.யில் 352க்கு 288 புள்ளிகளே உண்டு. இவ்விரண்டிலும் படம் முழுமையாகப் பதிந்திருப்பதாக எண்ணுதல் தவறு. டி.வி.டி.யில் வழங்கும் எம்பெக் 2 முறையானது, கண் எளிதிற் கவனியாத நுணுக்கங்களைக் கழித்தே படத்தை வட்டினுள் அடக்குகின்றது. அதனை எச்.264 போன்ற புதிய முறையாற் சுருக்கும்போது, எஞ்சியதிலிருந்தும் ஒரு பகுதி கழிகின்றது. முன்னைய சுருக்கத்தால் விளைந்த கட்டங்கட்டமான மறுக்களையும் புதிய முறை படத்தின் கூறென்றே கருதிக் காக்க முயல்கின்றது. வி.சி.டி.யின் புள்ளிகளைப் பெருக்கி எழுதினாலும், அதில் இல்லாத விவரம் வந்துவிடப் போவதில்லை. ஆகவே, சுருக்கும் மாற்றத்திற் ‘தரம் சற்றும் குறையாது’ என்பது பொருந்தாது. குறைவு கண்ணுக்குப் புலப்படாதவாறு செய்யலாம் என்பதே உண்மை.

எனினும் இழப்பின்றிச் செய்யத்தக்க மாற்றமொன்று உண்டு. டி.வி.டி.யில் ஒவ்வொன்றும் 1 கிகாபைற்றுக்கு மேற்படாத துண்டுகளாகக் கிடக்கும் படத்தையும் ஒலியையும் துணையுரையையும், சுருக்கத்தில் எவ்வித மாற்றமுஞ் செய்யாது, எம்.கே.வி. எனும் ஒரே பேழையுள் இடுதலே அது. மேக்எம்கேவி என்ற மென்பொருள் இதனைச் சில நிமிடங்களிற் செய்துவிடும். பேழைதான் மாறுகின்றது; உள்ளிருக்கும் படம் அப்படியே இருக்கின்றது. இதற்கு மிகுந்த இடம் வேண்டுமே என்பர். இரட்டைப் படை டி.வி.டி. 8.5 கிகாபைற்று கொள்ளும். 180 வட்டுக்களும் அவ்வாறு நிறைந்திருப்பினும் 1530 கிகாபைற்றே ஆகும். 2 தெராபைற்று வன்தட்டு ஒன்று இதற்குப் போதும்.

கைத்தொலைபேசியிற் பார்ப்பதற்குச் சிறு கோப்புக்கள் வேண்டின் ஹான்ட்பிரேக் மென்பொருளின் வரிசை பயன்படும். அங்கே கோப்பின் அளவை நிலையாக வைக்காது, தரத்தை நிலையாக வைத்தல் வேண்டும். எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவை வகுத்தால், இருவர் அறையிலமர்ந்து உரையாடும் படத்திற்கு அது மிகையாகும். மழையும் திருவிழாக் கூட்டமும் நிறைந்த படத்திற்குப் போதாது. டி.வி.டி. படங்களுக்கு 18 முதல் 22 வரையான தர எண் ஏற்றது. எண் குறையக் குறையத் தரம் கூடும். படங்களை முதலில் வகைப்படுத்துவதும் இன்றியமையாதது. தொலைக்காட்சி ஒளிப்பதிவிலிருந்து வந்தவற்றில், ஒரே சட்டத்தினுள் இரு வேறு கணங்களின் கோடுகள் பின்னிக்கிடந்து, அசைவின்போது சீப்பின் பற்களைப்போலத் தோன்றும். அப்பின்னலை நீக்கும் செயல் அவற்றுக்கு வேண்டியது. ஏனைய படங்களுக்கோ அதுவே ஊறாகும்.

இவையெல்லாம் வெறும் தொழில்நுட்ப நுணுக்கங்கள் எனத் தோன்றலாம். ஆயின், கண்டியில் 1943இற் பிறந்து, தர்மராஜக் கல்லூரியிலும் பேராதனையிலும் பயின்ற தர்மசேன பத்திராஜ, 1977இல் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை இயக்கினார் என்பதை எண்ணிப் பார்ப்போம். சிங்களக் கலைஞரொருவர் நம் மொழியில் ஆக்கிய அப்படம் போன்றவை இந்நாட்டில் மிகச் சிலவே. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது படச்சுருள்கள் பல சாம்பலாயின. சுருள் அழிந்த படத்திற்கு ஒளிநாடாப் பிரதியும், அதிலிருந்து எடுத்த வட்டுமே கதியாகின்றன. எங்கள் சேகரிப்பிலும் இந்நாட்டுத் தமிழ்ப் படமொன்று நாடாவழி வந்த வட்டாக இருக்கின்றது. கீறலும் மங்கலும் நிறைந்தது அது. பொதுவரிசையில் இட்டிருந்தால், இரைச்சலை நீக்கும் வடிகட்டி கீறலோடு முகத்தின் சுருக்கங்களையும் பனையோலையின் கீற்றுக்களையும் மெழுகிவிட்டிருக்கும். பெயர்பெற்ற இந்தியப் படமொன்று இவ்வாறு மங்கினால், அதனைவிட நல்ல பிரதியைப் பிறிதோரிடத்திற் பெறலாம். இதற்கு அவ்வாறு தேடிச்செல்ல இடமில்லை.

ஆதலால் நான் கைக்கொண்ட முறை இது. எல்லா வட்டுக்களுக்கும் மாற்றமில்லாத தாய்ப்படி ஒன்று உண்டு. அது இரு வன்தட்டுக்களில், இரு வேறு வீடுகளில் இருக்கின்றது. கோப்பு ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் குறித்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டுப் பார்க்கத் தீர்மானித்துள்ளேன். சிறு கோப்புக்கள் பார்வைக்கு மட்டுமே. அவை பழுதுற்றாலும், நாளை இதனினும் சிறந்த முறை தோன்றினாலும், தாய்ப்படியிலிருந்து மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். சிறு கோப்பிலிருந்து தாய்ப்படியை ஆக்குதல் எக்காலத்தும் இயலாது. வீட்டு அலுமாரிகளில் இத்தகைய வட்டுக்களை வைத்திருப்போர், மாற்றத் தொடங்குமுன் இவ்வொன்றை மனங்கொள்வாராயின், எஞ்சியிருப்பவையேனும் நமக்குப் பின் வருவோரைச் சென்றடையும்.