வெர்சாஸ்கா ஆற்றங்கரையில் ஒரு நாள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடும். கோடையில் காய்ந்து கிடக்கும். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்தும், கீரிமலைக் கேணியில் குதித்தும், கடற்கரையில் கால் நனைத்தும் வளர்ந்தவர்கள் எம்மில் பலர். வன்னியில் உள்ளவர்களுக்குக் குளம் பழக்கம். மட்டக்களப்பாருக்கு வாவி பழக்கம். ஓடுகின்ற மலையாற்றின் குணம் மலையகத்து உறவுகளை விட்டால் எம்மவருள் மிகச் சிலருக்கே தெரியும்.

சுவிசுக்கு வந்து குடியேறிய பின்னர் வருகின்ற முதல் கோடையில் பிள்ளைகள், "எல்லாரும் ஆற்றுக்குப் போகினம், நாங்களும் போவமா?" என்று கேட்கத் தொடங்குவார்கள். தாராளமாகப் போகலாம். போகுமுன் அந்த ஆற்றைப் பற்றி அறிந்துகொண்டு போக வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

நாட்டின் தெற்கே, இத்தாலிய மொழி பேசும் ரிச்சினோ மாநிலத்தில் வெர்சாஸ்கா என்ற ஆறு ஓடுகின்றது. ஜேர்மன் பேசுவோர் இம்மாநிலத்தை ரெசின் என்பார்கள். சுமார் 30 கிலோமீற்றர் நீளமான இவ்வாறு மலையிலிருந்து இறங்கி மஜோரே ஏரியில் கலக்கின்றது. தண்ணீரின் நிறம் பச்சை. அடியில் கிடக்கும் கல்லைக் கூட எண்ணலாம். நைஸ் எனப்படும் கடினமான பாறையை ஆற்றுநீரும் அது உருட்டி வந்த கற்களும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேய்த்துக் குடைந்து, வழி நெடுகிலும் மடுக்களை உண்டாக்கியிருக்கின்றன. இவையே இங்குள்ள இயற்கை நீச்சல் தடாகங்கள். 2017 இல் இத்தாலியர் ஒருவர் எடுத்த காணொளி இவ்விடத்தை "மிலானின் மாலைதீவு" என்று வர்ணித்துப் பரவியதிலிருந்து கோடைச் சனி, ஞாயிறுகளில் இங்கே கூட்டம் அலைமோதுகின்றது. வார நாளில் விடுமுறை கிடைத்தால் அன்றைக்குப் போவதே நல்லது.

போகும் வழி

சூரிச்சிலிருந்து கொத்தார்ட் மலையடிச் சுரங்கத்தினூடாகப் பெலின்சோனாவுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். 57 கிலோமீற்றர் நீளமான இந்தச் சுரங்கம் 2016 இல் திறக்கப்பட்டது. பெலின்சோனாவில் இறங்கி, லொகார்னோ செல்லும் புகையிரதத்தில் ஏறித் தேனெரோவில் இறங்குங்கள். அங்கிருந்து மஞ்சள் நிறத் தபால் பஸ் பள்ளத்தாக்கின் கடைசிக் கிராமமான சொனோஞோ வரை செல்கின்றது. வழியில் 220 மீற்றர் உயரமான பெரிய அணைக்கட்டைக் காணலாம். 1995 இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படத்தில் கதாநாயகன் கயிற்றில் குதித்தது இதிலிருந்துதான் என்று சொன்னால் பிள்ளைகள் யன்னலோரம் ஓடுவார்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. சூரிச்சிலிருந்து வரும் சில வண்டிகள் பெலின்சோனாவுக்குப் பிறகு நேரே இத்தாலிக்குப் போகின்றன. லொகார்னோவிலிருந்து சென்ரோவல்லி வழியாகச் செல்லும் சிறிய புகையிரதமும் எல்லையைத் தாண்டி இத்தாலியின் தொமொதொசோலாவுக்குப் போகின்றது. அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களும் பயணப் பத்திரம் கையில் இல்லாதவர்களும் மாறி ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. 16 வயதுவரையான பிள்ளைகளுக்கு யூனியோர் கார்ட்டே எடுத்து வைத்தால் தாய் அல்லது தகப்பனுடன் ஒரு வருடம் முழுதும் இலவசமாகப் பயணம் செய்யலாம். பெரியவர்களுக்கான மலிவான நாள் பயணச் சீட்டைப் பல கெமைண்டே அலுவலகங்களில் முற்கூட்டியே வாங்கலாம்.

நடை

சொனோஞோ 918 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து லவெர்தெற்சோ கிராமம் வரை ஆற்றோடு ஒட்டிய பாதை ஏறக்குறைய 13 கிலோமீற்றர். நான்கு மணித்தியால நடை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பஸ்ஸில் பிரியோனேயில் இறங்கி லவெர்தெற்சோவுக்கு நடவுங்கள். இது ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். பாதை பெரும்பாலும் இறக்கம் என்பதால் வயதானவர்களும் ஆறுதலாக நடக்கலாம். ஆனால் வேரும் கல்லும் நிறைந்த இடங்கள் உண்டு. குழந்தை வண்டில் சரிவராது. செருப்பும் சரிவராது, சப்பாத்து வேண்டும். மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் நேரம் ஓய்வில்லாமல் நடப்பதற்கான நேரம். பிள்ளைகளோடு போவோர் அதைவிடக் கூடுதலாகக் கணக்கிடுங்கள்.

இந்தப் பாதையில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நுழைவுச் சீட்டும் இல்லை. 1979 இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நடைபாதைகளைப் பேணுவது இந்நாட்டின் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. நாடு முழுவதும் சுமார் 65,000 கிலோமீற்றர் நீளத்துக்கு இத்தகைய பாதைகள் உள்ளன. எந்த விசா அட்டை வைத்திருப்பவருக்கும் இவை பொதுவானவை.

வழியில் கல்லால் கட்டிக் கல்லால் கூரை வேய்ந்த வீடுகளைக் காண்பீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் இது வறுமைப்பட்ட பள்ளத்தாக்கு. முன்னொரு காலத்தில் இங்குள்ள குடும்பங்கள் தங்கள் சிறுவர்களை மாரி காலத்தில் மிலான் போன்ற நகரங்களுக்குப் புகைபோக்கி துப்புரவாக்க அனுப்பின. ஒடுங்கிய புகைக்கூட்டுக்குள் ஏறச் சிறு உடம்புதான் வேண்டும். 1850களில் பலர் தங்கம் தேடி அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களின் வீடுகள் இவை. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை நினைக்காமல் எம்மால் இவற்றைக் கடந்து போக முடியாது.

குளிக்கும் முன்

லவெர்தெற்சோவில் இரட்டை வளைவுள்ள பழைய கற்பாலம் ஒன்று உண்டு. 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்பாலத்தின் ஒரு பகுதியை 1951 ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோக, 1960 இல் திருத்திக் கட்டினார்கள். கல்லால் கட்டிய பாலத்தையே பெயர்த்த ஆறு இது. பாலத்திலிருந்து இளைஞர்கள் குதிப்பதைக் கண்டு எங்கள் பிள்ளைகளும் குதிக்க ஆசைப்படக் கூடாது. இந்த ஆற்றில் உயிர்கள் போயிருக்கின்றன.

முதலாவது, குளிர். வெளியே முப்பது பாகை வெயில் எரித்தாலும் தண்ணீர் மலையிலிருந்து வருவது. வியர்த்த உடம்போடு சட்டென்று பாய்ந்தால் மூச்சுத் திணறும். நன்றாக நீந்தத் தெரிந்தவரின் கையும் காலும் விறைத்துப் போகும். முகம், கை, நெஞ்சு என்று நனைத்து மெதுவாக இறங்கி, விரைவில் வெளியே வாருங்கள்.

இரண்டாவது, ஆழம். தெளிந்த நீர் கண்ணை ஏமாற்றும். மேலிருந்து பார்க்க ஒன்றரை மீற்றர் போலத் தெரிவது உண்மையில் இரண்டு மீற்றர். இடுப்பளவு என்று இறக்கிவிடும் பிள்ளைக்கு அது கழுத்தளவாக இருக்கலாம். நீந்தத் தெரியாத பிள்ளை எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்று மெத்தையையும் காற்றடைத்த வளையத்தையும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, பெருக்கு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எரிக்கும்போதே மேலே மலையில் இடியோடு மழை பெய்யலாம். தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பையையும் துவாயையும் விட்டுவிட்டு உடனே கரையின் உயரத்துக்கு ஏறுங்கள். அயலிலுள்ள மாஜியா பள்ளத்தாக்கில் 2024 யூன் மாத இறுதியில் ஒரே இரவு மழையில் பாலம் இடிந்து உயிர்களும் பலியாகின. அங்கு மின்சார அணைகளும் இருப்பதால் மழையில்லாத நாளிலும் நீர்மட்டம் திடீரென உயரலாம். அதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் ஆற்றுப்படுக்கையில் இறங்க வேண்டாம்.

நீச்சல் தடாகத்தைப் போல ஆற்றங்கரையில் எவரும் குறிப்பிட்ட உடை கேட்பதில்லை. கூச்சப்படும் பெண்கள் உடம்போடு ஒட்டிய ரீசேட்டும் காற்சட்டையும் போட்டு இறங்கலாம். நனைந்தால் கனக்கும் சேலையும் நீண்ட பாவாடையும் ஓடும் நீரில் காலைச் சுற்றி இழுத்துவிடும். ஈரப் பாறை பாசி இல்லாமலே வழுக்கும். மதுபானம் அருந்தியவர் தண்ணீரில் இறங்கவே கூடாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். வரட்சிக் காலத்தில் நெருப்பு மூட்டத் தடை இருக்கும். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 144, மீட்பு உலங்குவானூர்தி 1414.

கடைசியாக ஒன்று. பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு நீர்ப் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று நடத்துவார்கள். ஆழமான நீருக்குள் உருண்டு விழுந்து, ஒரு நிமிடம் மிதந்து, 50 மீற்றர் நீந்த வேண்டும். பிள்ளையை அதிலிருந்து மறித்து வைக்காதீர்கள். பெரியவர்களுக்கும் நீச்சல் வகுப்புகள் உண்டு. நாற்பது வயதில் பழகுவதில் வெட்கம் இல்லை. இந்த மாரியில் சேர்ந்தால் வருகின்ற கோடையில், கரையில் துவாயோடு காவல் நிற்கும் அம்மாவும் பிள்ளைகளோடு மடுவில் இறங்கலாம்.